மஜ்ஜை வற்றினாலும் வாழ்வு வற்றாது

நல்லி எலும்பு போட்டு ஆணம் காய்ச்சிய அன்று நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்! எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கை கழுவுவார்கள். எலும்புக்குள் இருக்கும் அந்த மெத்தென்ற பொருளுக்குத்தான் மஜ்ஜை என்று பெயர்.

மனித உடம்பிலும் மஜ்ஜை உண்டு. அதில் இரண்டு வகை. வயது வந்தவர்களின் கை, கால் எலும்புகளில் பெரும்பாலும் இருப்பது மஞ்சள் மஜ்ஜை, அது கொழுப்பு. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றில் இருப்பது சிவப்பு மஜ்ஜை. நம் இரத்தம் ஊறும் கிணறு அதுதான். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரே நாளில் ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கே பிறக்கின்றன. கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்களும், காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் அங்கிருந்துதான் வருகின்றன. நாம் கேளாமலே, நாம் அறியாமலே, அல்லாஹ் இந்தக் கிணற்றை ஊற வைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கிணறு திடீரென்று வற்றிவிட்டால் என்ன ஆகும்? சிவப்பு மஜ்ஜை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொழுப்பு நிறைந்துவிட்டால் என்ன செய்வது? இதைத்தான் டாக்டர்கள் 'ஏபிளாஸ்டிக் அனீமியா' என்கிறார்கள். தமிழில் மஜ்ஜைச் செயலிழப்பு நோய் எனலாம்.

ஒரு காலத்தில் இந்த நோயின் பெயரைச் சொன்னாலே முடிவு தெரிந்துவிடும். இன்று அப்படியில்லை. தக்க சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பலர் பிழைத்து, படித்து, வேலைக்குப் போய், நிக்காஹ் முடித்துப் பிள்ளைகளும் பெற்று வாழ்கிறார்கள். ஆனால் பிழைப்பதில் மருத்துவமனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது வெறும் சோகை இல்லை

பிள்ளை வெளுத்துப் போயிருக்கிறாள், படியேறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்ந்து கிடக்கிறாள் என்றால் நாம் என்ன செய்கிறோம்? பேரீச்சம்பழம் கொடுக்கிறோம், முருங்கைக்கீரை சமைக்கிறோம், இரும்புச்சத்து டானிக் வாங்குகிறோம். சாதாரணச் சோகைக்கு இவையெல்லாம் நல்லதுதான். பெரும்பாலான பெண்களுக்கு வருவதும் சாதாரணச் சோகைதான்.

மஜ்ஜை நோய்க்கு வேறு சில அடையாளங்களும் சேர்ந்து வரும். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசியும். அடிபடாமலே கையிலும் தொடையிலும் நீலம் பாரிக்கும். தோலில் ஊசி முனை போலச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மூக்கிலிருந்து இரத்தம் வடியும். மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போகும். 10 நாளானாலும் நிற்காது. வாயில் புண், விட்டு விட்டுக் காய்ச்சல். வெளுப்பு, இரத்தக் கசிவு, காய்ச்சல் ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே டானிக்கை ஒதுக்கி வைத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வயதுப் பெண்ணின் மாதவிலக்கைப் பற்றி ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, வாரக்கணக்கில் தள்ளிப்போடும் தாய்மார்கள் உண்டு. இந்த நோயில் அந்தத் தயக்கம் உயிரோடு விளையாடுவதாகும். பெண் டாக்டரைத் தேடிப் போங்கள். போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் செய்வது எந்த ஊரிலும் கிடைக்கும் எளிய சோதனைதான்: முழு இரத்த அணுக்களின் எண்ணிக்கை. சாதாரணச் சோகையில் சிவப்பணு மட்டும் குறையும். மஜ்ஜை நோயில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைந்திருக்கும். தட்டணுக்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில், கடுமையான நோயில் 20,000க்கும் கீழே போய்விடும். பிறகு இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறிது மஜ்ஜையும் எலும்புத் துணுக்கும் எடுத்துப் பார்த்து நோயை உறுதி செய்வார்கள். அந்தச் சோதனையில் கொஞ்சம் வலி இருக்கும். ஆபத்து மிகக் குறைவு.

ஏன் வருகிறது?

1888-ல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, அவர் பார்த்த நோயாளி ஓர் இளம் கர்ப்பிணி. அந்தப் பெண் பிழைக்கவில்லை. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1934-ல் இறந்ததும் இந்த நோயால்தான். ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சின் நடுவே வேலை செய்தது அவர் மஜ்ஜையை அழித்துவிட்டது.

மேலை நாடுகளில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு இந்நோய் வருகிறது. ஆசிய நாடுகளில் அதைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இளம் வயதினரையும் முதியவர்களையும் அதிகம் பிடிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு, உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களில் ஒரு பிரிவே தடம் மாறி, மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களைத் தாக்கி அழிப்பதுதான் காரணம். சிலருக்குச் சில மருந்துகள், பென்சீன் போன்ற இரசாயனங்கள், மஞ்சள் காமாலை ஆகியவற்றை அடுத்து வருகிறது.

இது புற்றுநோய் இல்லை. தொற்றுநோயும் இல்லை; ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. கண்ணேறு பட்டதால் வந்ததும் இல்லை. தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டாள், மருமகள் வந்த நேரம் சரியில்லை என்றெல்லாம் பேசி, ஏற்கெனவே நொந்து கிடக்கும் ஒரு பெண்ணை மேலும் நோகடிக்க வேண்டாம்.

பிறவியிலேயே வரும் வகை ஒன்று தனியாக உண்டு. 1927-ல் அதை விவரித்த சுவிஸ் குழந்தை மருத்துவரின் பெயரால் 'ஃபான்கோனி அனீமியா' என்று அழைக்கிறார்கள். உயரம் குறைவு, கட்டைவிரலில் குறை, தோலில் பழுப்புத் திட்டுகள் ஆகியவை சிலரிடம் அடையாளமாக இருக்கும். தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேரும்போது இது வெளிப்படுகிறது. சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடும். சாச்சா மகள், மாமி மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்துவரும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த வகை நோய் இருந்தால், மற்றப் பிள்ளைகளையும் சோதிக்காமல் விடக்கூடாது.

இரத்தம் கொடுக்கும் முன் கேளுங்கள்

நம் வீட்டில் ஒருவருக்கு இரத்தம் வேண்டும் என்றால் முதலில் கையை நீட்டுவது வாப்பாவும், காக்காவும், ராத்தாவும்தான். பாசத்தில் செய்யும் அந்த உதவியே இந்த நோயில் பாதகமாக முடியலாம்.

காரணம் இதுதான். பின்னால் மஜ்ஜை கொடுக்கப் போவது பெரும்பாலும் கூடப் பிறந்தவர். அவருடைய இரத்தத்தையோ நெருங்கிய உறவினரின் இரத்தத்தையோ முன்கூட்டியே ஏற்றிவிட்டால், நோயாளியின் உடம்பு அவர்களுடைய அணுக்களை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு அதே குடும்பத்து மஜ்ஜையைக் கொடுக்கும்போது அதைத் தள்ளிவிட முயலும். ஆகவே மஜ்ஜை நோய் என்ற சந்தேகம் எழுந்தவுடன், உறவினர் இரத்தம் வேண்டாம் என்று இரத்த வங்கியில் சொல்லிவிட வேண்டும். வெள்ளையணுக்களை வடிகட்டி, கதிர்வீச்சு கொடுத்த இரத்தம் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். உறவினர்கள் தம் இரத்தத்தைப் பொதுவில் கொடுக்கலாம். அது வேறொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். தசையில் ஊசி போடக்கூடாது. பல் துலக்க மிருதுவான பிரஷ் போதும். தட்டணு குறைந்திருக்கும் நாட்களில் மிஸ்வாக் குச்சி ஈறைக் கிழித்துவிடும். மாதவிலக்கை நிறுத்தி வைக்க டாக்டர் மாத்திரை கொடுத்தால் தயங்காமல் சாப்பிட வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு, பகல் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளையணு இல்லாத உடம்பில் ஒரே இரவில் கிருமி வென்றுவிடும்.

சிகிச்சைக்கு இரண்டு வழிகள்

ஒரு வழி, மஜ்ஜையைத் தாக்கும் அணுக்களை அடக்குவது. குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் ஏ.டி.ஜி. என்ற மருந்தோடு சைக்ளோஸ்போரின் மருந்தும் கொடுப்பார்கள். 10 பேரில் 6, 7 பேருக்கு இது பலன் தருகிறது. ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும்; சிலருக்கு நோய் திரும்பவும் வரும்.

இன்னொரு வழி, வேறொருவரின் மஜ்ஜையை மாற்றி வைப்பது. இளம் வயதினருக்கு, முழுமையாகப் பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால், டாக்டர்கள் முதலில் நாடுவது இந்த வழியைத்தான். நல்ல மையங்களில், இப்படிச் செய்துகொண்ட இளம் நோயாளிகள் 10 பேரில் 8 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

இதற்கு வழி திறந்தவர் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ். 1956-ல் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவரின் மஜ்ஜையை மற்றவருக்குச் செலுத்தினார். இரட்டையர் அல்லாதவர்களிடம் செய்தபோது தோல்விக்கு மேல் தோல்வி. மனம் தளராமல் உழைத்து, 1970-களின் தொடக்கத்தில் மஜ்ஜை நோயாளிகளுக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையை வைத்து வெற்றி கண்டார். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பண்டத்தரிப்பில் தொடங்கிய பாதை

இந்தச் சிகிச்சைக்காக நம்மவர்கள் அதிகம் நாடிச் செல்லும் ஊர்களில் ஒன்று வேலூர். தமிழ்நாட்டிலிருந்து மட்டுமின்றி வங்காளத்திலிருந்தும், இலங்கையிலிருந்தும், பங்களாதேஷிலிருந்தும் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகள் வருகிறார்கள். அந்த மருத்துவமனையின் வேரைத் தேடிப் போனால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் சங்கானைக்கும் மாதகலுக்கும் அருகிலுள்ள பண்டத்தரிப்பு என்ற சிற்றூரில் போய் நிற்கிறோம்.

1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர், 1820-ல் பண்டத்தரிப்பில் தங்கித் தம் பணியைத் தொடங்கினார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவர் வந்தது தம் மதத்தைப் பரப்பத்தான். ஆனாலும் அவரைத் தேடி வந்த ஊர் மக்களுக்கு அவர் கொடுத்தது மருந்து. 1836-ல் அவர் சென்னைக்குப் போனார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தென்னிந்தியாவில் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார்கள். அவருடைய பேத்திகளில் ஒருவர்தான் ஐடா ஸ்கடர்.

இளம்பெண்ணாக இருந்தபோது ஐடாவுக்கு மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லை. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் தம் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு சாதி இந்து. மூவரும் கேட்டது ஐடாவின் உதவியை. தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை அமெரிக்காவுக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் திரும்பி வந்து வேலூரில் பெண்களுக்குச் சிகிச்சை தொடங்கினார். 1902-ல் சிறிய மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அது வளர்ந்து பெரிய கல்லூரியானது. ஐடா 1960-ல் இறந்தார். 1986-ல் அதே வேலூரில் டாக்டர் மாமன் சாண்டியின் தலைமையில் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. இந்தியாவில் இதற்கு முன்னோடியாக இருந்தது மும்பை டாடா மருத்துவமனை. அங்கே டாக்டர் சுரேஷ் அத்வானி 1983-ல் முதல் வெற்றியைக் கண்டார். வேலூரில் இதுவரை செய்த மாற்று சிகிச்சைகள் ஆயிரக்கணக்கைத் தாண்டிவிட்டன. சென்னையிலும் கொழும்பிலும் இப்போது இந்தச் சிகிச்சை நடக்கிறது.

பெண்ணின் நோயைச் சொல்லத் தயங்கியதால் மூன்று உயிர்கள் போன அந்த இரவை, மாதவிலக்கைப் பற்றிச் சொல்லத் தயங்கும் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொடுப்பவர் யார்?

இதில் இரத்தப் பிரிவு பொருந்துவது முக்கியமில்லை. அணுக்களின் மேல் இருக்கும் எச்.எல்.ஏ. என்ற அடையாளங்கள் பொருந்த வேண்டும். பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவரும் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உடன்பிறப்பு ஒருவர் என்றால் 25 சதவீதம். மூவர் என்றால் ஏறக்குறைய 58 சதவீதம். யாரும் பொருந்தாவிட்டால், தாய், தந்தை போன்ற பாதி பொருந்துபவர்களிடமிருந்து எடுக்கும் முறையும் இப்போது உண்டு.

உறவுக்கு வெளியே தேடுவதற்குப் பதிவேடுகள் இருக்கின்றன. உலகம் முழுவதும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' அத்தகைய ஒன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்துப் பதிந்துகொள்வார்கள். இந்த அடையாளங்கள் ஒரே இனத்தாரிடம்தான் அதிகம் பொருந்தும். ஆகவே ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பொருந்தும் மஜ்ஜை தமிழரிடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். நம் வீட்டு இளைஞர்கள் பதிவு செய்யாமல், நம் பிள்ளைக்கு யாரோ கிடைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மஜ்ஜை கொடுத்தால் முதுகெலும்பு போய்விடும், பிள்ளை பிறக்காது என்ற பேச்சுகளை நம்ப வேண்டாம். முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சில நாட்கள் இடுப்பு வலிக்கும். எடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். இரத்த தானம் போலக் கை நரம்பின் வழியாக மூல அணுக்களை எடுக்கும் முறையும் உண்டு.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்ற கேள்வி எழுவது இயல்பே. 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இரத்தம், தோல் போன்று தானே மீண்டும் வளர்பவற்றை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது நிபந்தனைகளுடன் ஆகும் என்று முடிவு செய்தது. இரத்தம் பெற்றதால் பால்குடி உறவு போல மஹ்ரம் உறவு ஏற்படாது என்பதும் அறிஞர்கள் தந்திருக்கும் விளக்கம். மேலும் ஐயம் இருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

மாற்று சிகிச்சையும் முதல் 100 நாட்களும்

முதலில் சில நாட்கள் கடுமையான மருந்து கொடுத்துப் பழைய அணுக்களை அகற்றுவார்கள். முடி கொட்டும், வாந்தி வரும். பிறகு, பெரிய ஆபரேஷன் நடக்கப் போகிறது என்று உறவினர்கள் பதறிக்கொண்டிருக்கும்போது, ஒரு பை மஜ்ஜையைச் சாதாரண இரத்தம் போல நரம்பில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான்! அந்த அணுக்கள் தாமாகவே எலும்புகளைத் தேடிப் போய்க் குடியேறும். 2 முதல் 4 வாரங்களில் புதிய இரத்தம் ஊறத் தொடங்கும்.

மஜ்ஜை குடியேறிய பின் நோயாளியின் இரத்தப் பிரிவு, கொடுத்தவரின் பிரிவாக மாறிவிடும். தம்பியின் மஜ்ஜையைப் பெற்ற அக்காளின் இரத்தத்தைச் சோதித்தால் ஆணின் குரோமோசோம் தெரியும். இதனால் அவள் பெண்மையில் எந்த மாற்றமும் வராது. ஆனால் புதிய இரத்தப் பிரிவை எழுதி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதல் 100 நாட்கள் மிக முக்கியமானவை. மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வார்கள். இந்த நாட்களில் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியவை:

தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். உறவினர் அன்போடு கொண்டுவரும் ஸம்ஸம் நீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

சமைத்தது சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், வெளிக் கடை சட்னி, பச்சைக் காய்கறி வேண்டாம். கந்தூரி, வலீமா சாப்பாட்டுக்குப் பிறகு காலம் வரும்.

கருஞ்சீரக எண்ணெய், நாட்டு மருந்து, கஷாயம் எதையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில பொருட்கள் சைக்ளோஸ்போரினின் அளவை இரத்தத்தில் கூட்டியோ குறைத்தோ விடும். பம்பளிமாஸ் பழமும் அப்படித்தான்.

நலம் விசாரிக்கக் கூட்டமாக வருவதைத் தடுங்கள். சளி, இருமல் உள்ளவர் வாசலிலேயே துஆ செய்துவிட்டுப் போகட்டும். அதைத் தவறாக எடுத்துக்கொள்பவர் நோயை அறியாதவர்.

தோலில் சிவப்புத் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும். புதிய மஜ்ஜை புகுந்த உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்குவதன் அறிகுறி அது. சீக்கிரம் கண்டுபிடித்தால் அடக்கலாம்.

மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. சைக்ளோஸ்போரினை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, பல மாதங்கள் சாப்பிட வேண்டும். "இப்போதுதான் நன்றாக இருக்கிறாளே" என்று நிறுத்தி, கைக்கு வந்த உயிரை இழந்துவிடாதீர்கள்.

ரமளான் வந்தால் நோன்பு வைக்க ஆசைப்படுவார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான். டாக்டர் அனுமதித்த பின் நோன்பை நிறைவேற்றலாம். உம்ரா, ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன்னும் டாக்டரைக் கேட்க வேண்டும். குழந்தையில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடுவதால், அவற்றை மீண்டும் முறைப்படி போட்டாக வேண்டும்.

பெண்ணின் மனதையும் பாருங்கள்

கண்ணாடி முன் நிற்கவே பயப்படும் காலம் இது. தலைமுடி போயிருக்கும். சைக்ளோஸ்போரினால் முகத்தில், கையில் ரோமம் வளரும், ஈறு தடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பும். இவற்றில் பெரும்பாலானவை மருந்து குறையக் குறைய மாறிவிடும். தலைமுடியும் வளரும். இதை அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பார்க்க வருபவர்கள், "ஐயோ, எப்படி இருந்த புள்ள!" என்று அவள் முன்னால் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு நெடுநாள் கழித்துக் கண் வறளும், வாய் புண்ணாகும், தோல் இறுகும். பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் வறட்சியும் புண்ணும் வரலாம். வெட்கத்தால் இதை மறைப்பவர்களே அதிகம். இதற்கு மருந்து உண்டு. மணமான பெண்கள் கணவரிடமும் பெண் டாக்டரிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறக்குமா? இந்தக் கேள்வியைச் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா என்பதைப் பொறுத்தது அது. மஜ்ஜைச் செயலிழப்புக்குக் கொடுக்கும் மருந்து, இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிடப் பொதுவாக மென்மையானது. அதனால் இளம் பெண்களில் பலருக்கு மாதவிலக்கு திரும்பி வந்து, நல்லபடி பிள்ளைகளும் பிறந்திருக்கின்றன. டாக்டர் சம்மதிக்கும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இனி நிக்காஹ் விஷயம். நோயிலிருந்து மீண்ட பெண்ணை, "சீக்காளி" என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்குப் பயந்து பெற்றோர் எல்லாவற்றையும் மறைத்து முடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் தவறு. பிறவியில் வராத மஜ்ஜை நோய் பிள்ளைகளுக்குப் போவதில்லை. குணமாகி, மருந்தும் நின்ற பெண் மற்றப் பெண்களைப் போலவே குடும்பம் நடத்தலாம். ஆனால் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். மறைத்து மணமுடித்தால் அந்தப் பரிசோதனைக்கே போக முடியாத நிலை வரும். உண்மையைச் சொல்லுங்கள். உண்மையைக் கேட்டும் சம்மதிப்பவரே நல்ல மாப்பிள்ளை.

மஜ்ஜை கொடுத்த பிள்ளையையும் மறக்க வேண்டாம். எல்லாருடைய கண்ணும் நோயாளியின் மேல் இருக்கும். 10 வயதுத் தம்பி ஒரு மூலையில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள், மகிழ்வியுங்கள். மாற்று சிகிச்சை பலிக்காமல் போனால் அது அவன் குற்றமில்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

திரும்பி வந்தவர்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்தும் ராபின் ராபர்ட்ஸ் என்ற பெண்மணிக்கு 2007-ல் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. 2012-ல் மஜ்ஜைச் செயலிழப்பின் இன்னொரு வகையான எம்.டி.எஸ். நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய அக்காளின் மஜ்ஜை அவருக்குச் செலுத்தப்பட்டது. 2013 பிப்ரவரியில் அவர் மீண்டும் தம் நிகழ்ச்சிக்குத் திரும்பினார். நோயையும் சிகிச்சையையும் மறைக்காமல் பேசினார். அவர் நோயை அறிவித்த பின், மஜ்ஜைக் கொடையாளராகப் பதிவு செய்ய முன்வந்தவர்கள் பெருகினார்கள்.

வசதியும் புகழும் உள்ளவர் அவர் என்பது உண்மை. நம் பக்கத்தில் இந்தச் சிகிச்சைக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகிறது. அங்கேதான் ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டில் இடமுண்டா என்று விசாரிக்க வேண்டும். இலங்கையில் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மனு எழுதத் தெரியாத குடும்பத்துக்கு எழுதிக் கொடுப்பதும், வேலூரில் தங்க வாடகைக்கு உதவுவதும், ஊரில் விட்டுவந்த பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் பெரிய தர்மம்தான்.

சகோதரிகளே! மஜ்ஜையை மாற்றுவது டாக்டர்களின் வேலை. வெளுத்த முகத்தையும் ஈறில் கசியும் இரத்தத்தையும் முதலில் பார்க்கும் கண் உங்களுடையது. உறவினர் இரத்தத்தைத் தடுப்பதும், மாத்திரை நேரத்தை நினைவில் வைப்பதும், கொதித்த நீரை ஆற வைப்பதும் உங்கள் கைதான். பிழைத்து வந்த பெண்ணைச் சீக்காளி என்று சொல்லாமல் சபையில் சமமாக உட்கார வைப்பதும் உங்கள் பொறுப்புதான். நிவாரணம் அல்லாஹ்விடமிருந்து வருகிறது. அதைத் தேடிப் போகும் கடமை நமக்கு இருக்கிறது.